ஈயக் கணக்கு

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். நிலப் பத்திரங்கள், கூட்டுறவுச் சங்க ரசீதுகள், துப்பாக்கி உரிமப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. அட்டையில் ‘மருந்துக் கணக்கு’ என்று எழுதியிருந்தது. பூச்சிமருந்துக் கணக்கு என்று நினைத்துத்தான் பிரித்தேன். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு ஆறு பத்திகள்: தேதி, மருந்து, கேப்பு, ஈயம், வேட்டு, மீதி. வெடிமருந்தையும் மருந்து என்றே சொல்லும் மொழி நம்முடையது. காப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே சொல்லா என்று வகுப்பில் மாணவிகள் கேட்டதுண்டு. சொற்பொருள் விரிவு என்று ஏதோ பதில் சொல்லியிருக்கிறேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கு அந்தப் பதில் போதவில்லை.

எங்களுடையது ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண் பூமி. கடலைதான் வெள்ளாமை. கடலை திரளும் பருவத்தில் காட்டுப்பன்றியும் நரியும் மயிலும் இறங்கிவிட்டால் ஒரே இரவில் கொல்லை புழுதியாகிவிடும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், பயிரைக் காப்பதற்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. அப்படி ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கி தாத்தா காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இருந்தது.

அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வேட்டையும் அவ்வப்போது கையாலேயே உண்டாக்க வேண்டும். குழலின் வாயில் அளந்த மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டித் திணித்து, கம்பியால் கெட்டித்து, அதன் மேல் ஈய ரவையைப் போட்டு, திரும்பவும் நார், திரும்பவும் கம்பி. கடைசியில் குதிரை அடிக்கும் இடத்தில் கேப்பு. மருந்தையும் கேப்பையும் அப்பா புதுக்கோட்டையில் உரிமம் பெற்ற கடையில் புத்தகத்தில் பதிந்து வாங்கி வருவார். ரவையை மட்டும் வீட்டில் செய்துகொள்வார். கடை ரவை விலை கூட என்பது அவர் சொன்ன காரணம். அது மட்டும் காரணமில்லை என்று பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த வேலையில் அவருக்குக் கூட்டாளி நான்தான்.

கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாடு கொண்டுவருகிறவர், கிழிந்த வலையிலிருந்து கழற்றிய ஈயக் குண்டுகளைக் காகிதத்தில் பொதிந்து தருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவின் சமையல் முடிந்த அடுப்பு. பெரிய இரும்புக் கரண்டியில் குண்டுகளைப் போட்டு அப்பா தணலில் வைப்பார். ஈயம் 327 பாகை வெப்பத்தில் உருகும் என்று பிறகு பள்ளியில் படித்தேன். அப்போது தெரிந்ததெல்லாம், சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்த பொருள் திடீரென்று கண்ணாடிபோல் அசையத் தொடங்குவதுதான். மேலே மிதக்கும் கசடைக் குச்சியால் ஒதுக்கினால் உள்ளே நிலா. அதைக் காய்ந்த பனை மட்டையின் பள்ளத்தில் நீளமாக ஊற்றுவார். ஆறியதும் கம்பியாக வரும். உளியால் பொடிப்பொடியாக நறுக்குவார். நறுக்குகளை இரண்டு தட்டைக் கற்களுக்கு நடுவில் போட்டு உருட்டி உருண்டையாக்குவது என் வேலை. பிறகு சல்லடையில் சலித்துச் சிறிது பெரிது பிரிப்பது. உள்ளங்கை முழுக்கக் கருத்துப்போகும். “என் ஆத்தா கை மிசினு” என்பார் அப்பா. என் குழந்தைப் பருவத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

ஓர் ஐப்பசியில் பனை மட்டையில் ஈரம் இருந்திருக்கிறது. உருகிய ஈயம் ஈரத்தைத் தொட்டால் நீர் ஒரே நொடியில் ஆவியாகி ஈயத்தைச் சிதறடிக்கும். பக்கத்தில் குனிந்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மாவின் முன்கையில் ஒரு சொட்டு விழுந்தது. அம்மா கத்தவில்லை. கையை உதறிக்கொண்டு குடத்துக்குள் விட்டார். “ஒண்ணுமில்ல, மஞ்சளப் போடு” என்றார் அப்பா. பிறகு வேறு மட்டை எடுத்து மிச்ச ஈயத்தை ஊற்றினோம். ஊற்றினோம் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் எழுந்து போகவில்லை. அந்தத் தழும்பு புளியங்கொட்டை அளவில் இன்றும் இருக்கிறது. நோட்டில் அந்த ஐப்பசிப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். ஈயம் கால் கிலோ என்று எழுதியிருக்கிறது. வேறெதுவும் இல்லை.

*

எந்த இன்பத்துக்கும் ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை யார் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முன்னால் இன்பத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு எளிது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை அப்படித் திருப்பித் தர என்னால் முடியாது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சேர்த்து வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புவது பலருக்குப் பொழுதுபோக்கு. தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: கூடு, அடியில் கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. நான்கில் பெரும்பாலும் விலை கூடியது கூடுதான். சுட்ட பிறகும் மிஞ்சுவது அது ஒன்றுதான். பழைய கேப்பைத் தட்டி எடுத்து, வெடிப்பில் விரிந்த கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு பொருத்தி, மருந்தைத் துல்லியமாக நிறுத்துப் போட்டு, குண்டைப் பதிக்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அவர்கள் செய்வதன் மூதாதை வடிவம்தான் அப்பா செய்தது. ஏன் செய்கிறார்கள் என்று கேட்டால் முதல் பதில், காசு மிச்சம். இரண்டாவது பதில் வரக் கொஞ்சம் நேரமாகும்: என் துப்பாக்கிக்கு எது பொருந்தும் என்பது எனக்குத்தான் தெரியும், கடையில் அது கிடைக்காது. மூன்றாவதைப் பெரும்பாலும் சொல்வதில்லை: இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரே வேலையை நூறு முறை, நூறும் ஒன்றுபோல் வரும்படி செய்துகொண்டிருப்பதில் ஒரு நிம்மதி.

இந்த மூன்றாவது பதில் எனக்கு நன்றாகப் புரிகிறது. ரவை உருட்டும்போது எனக்கு வேறு நினைவே இருக்காது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், அதே நிம்மதி தரக்கூடிய கைவேலைகள் எங்கள் வீட்டில் ஏராளமாக இருந்தன. அம்மா மல்லிகை கட்டுவார், இரண்டிரண்டாக, இடைவெளி பிசகாமல். வடகம் பிழிவார். நெல்லிலிருந்து கல் பொறுக்குவார். அவற்றை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதில்லை, கைத்திறன் என்றும் சொன்னதில்லை. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை நின்றுபோனால் வீட்டில் எதுவும் நின்றுபோகாது. அதனால் அது இன்பம். அம்மாவின் வேலை நின்றால் சோறு நின்றுபோகும். அதனால் அது கடமை. கை செய்வது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டாம் என்று எழுந்து போகிற உரிமை இருக்கும் இடத்தில்தான் இன்பம் என்ற சொல் ஒட்டுகிறது.

*

காசு மிச்சமா? நோட்டை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கக் கூட்டிப் பார்த்தேன். கடை ரவை வாங்கிய ஆண்டுகளில் வேட்டுகள் குறைவு. வீட்டு ரவைக்கு மாறிய பிறகு வேட்டுகள் ஏறிக்கொண்டே போகின்றன. ரவை மலிவானதும் மருந்தும் கேப்பும் கூடுதலாகச் செலவாகியிருக்கின்றன. முதலில் பன்றிக்கு மட்டும் எடுத்த துப்பாக்கியை அப்பா பிறகு கிளிக் கூட்டத்தைக் கலைக்கவும் எடுத்திருக்கிறார். தோட்டா நிரப்புகிறவர்களிடமும் இதே நகைச்சுவை உண்டு: நாங்கள் மிச்சம் பிடிப்பதில்லை, அதே காசுக்குக் கூடுதலாகச் சுடுகிறோம் என்பார்கள்.

இது துப்பாக்கிக்கு மட்டும் உரிய விதி அல்ல. 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் நிலக்கரியைப் பற்றி எழுதிய நூலில் இதைக் காட்டினார். நீராவி எந்திரம் குறைந்த கரியில் ஓடத் தொடங்கியதும் கரிச் செலவு குறையவில்லை, கூடியது. ஏனென்றால் மலிவான எந்திரத்தை எல்லாரும் எல்லா வேலைக்கும் வைத்தார்கள். இதற்குச் சமையலறையில் ஒரு தங்கை உண்டு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய நூலில், அமெரிக்க வீடுகளுக்குள் எந்திரங்கள் வந்த பிறகும் தாய்மாரின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தார். துவைக்கும் எந்திரம் வந்ததும் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது. ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த துணை வேலைகள் மறைந்தன, மிஞ்சியது அவள் வேலை. மிக்சி வந்த வீட்டில் இரண்டு சட்னி ஆனது நமக்குத் தெரியாததா?

இரண்டு கதையிலும் மிச்சமானதைச் செலவழித்தது யார் என்று பாருங்கள். ரவையில் மிச்சமானதை அப்பா இன்னும் நாலு வேட்டாக மாற்றி அனுபவித்தார். அம்மிக்கல்லில் மிச்சமான நேரத்தை அம்மா தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. அது இரண்டாவது சட்னியாக மற்றவர்கள் தட்டில் விழுந்தது.

நேரத்துக்கும் இதே கதிதான். அப்பாவின் நோட்டில் நேரத்துக்குப் பத்தி இல்லை. உருக்கி நறுக்கி உருட்டிச் சலிக்க ஒரு முழு மத்தியானம் போகும். அதற்குக் கூலி போட்டால் கடை ரவை மலிவு. அவர் அதைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம், அவருக்கு அது செலவாகவே தோன்றவில்லை. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரி 299 நிமிடம், ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம் என்று வந்தது. அந்த 299 நிமிடமும் எந்த வீட்டு நோட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆண் தன் நேரத்தை எழுதாமல் விடுவது அவனுக்கு அது விளையாட்டு என்பதால். பெண்ணின் நேரம் எழுதப்படாமல் போவது அது அவளுடையதே அல்ல என்பதால். எழுதாத பத்தி இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் வெறுமையாக இருக்கும். கணக்கு பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

*

பதின்மூன்று வயதில் நான் பெரியவளானேன். அப்பத்தா சொன்னார்: “இனிமே துப்பாக்கிப் பக்கம் போவாத ஆத்தா, தீட்டுப் பட்டா குறி தவறும்.” துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆனால் ரவை உருட்டலாம், ரவைக்குத் தீட்டில்லை. என்னைவிட மூன்று வயது இளையவனான தம்பிக்கு அப்பா கண்மாய்க் கரையில் வைத்துச் சுடக் கற்றுக்கொடுத்தார். அவன் சுட்ட ஒவ்வொரு ரவையும் என் கையில் உருண்டது. ஒருநாள் நானும் சுடுகிறேனே என்று கேட்டதற்கு அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட மறந்திருப்பேன்.

செய்வதற்குக் கை வேண்டும், சுடுவதற்கு அந்தக் கை வேண்டாம் என்கிற இந்த ஏற்பாடு எங்கள் வீட்டுக் கண்டுபிடிப்பு அல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டனின் வெடிகுண்டு ஆலைகளில் லட்சக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். டிஎன்டி என்ற வெடிமருந்தைக் கையாண்டவர்களின் தோல் மஞ்சளாகிப்போனது. மஞ்சள் குருவிகள் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆண்களுக்குக் கொடுத்த கூலியை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. நம் சிவகாசிப் பட்டாசுத் தொழிலிலும் பெண்களின் கைகள் இல்லாமல் ஒரு சரம் வெளியே வராது.

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளைப் பங்கு போடுகிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, வேலை வடித்துத் தருவது கொல்லனுக்கு, போரில் களிற்றை வீழ்த்தித் திரும்புவது மகனுக்கு. பெண் பாடிய பாட்டு என்பதால் அதைப் பெருமையோடு நடத்திவந்திருக்கிறேன். இப்போது நடத்தும்போது, அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் கடன் இருக்கிறது, யாருக்குச் செலவு என்று இல்லையே என்று மாணவிகளிடம் கேட்கிறேன். மகன் திரும்பி வராவிட்டால் அது யார் கணக்கு?

பக்கத்துச் சிவகங்கையின் குயிலி கதையையும் நாம் மேடைதோறும் சொல்கிறோம். 1780இல் வேலு நாச்சியார் சீமையை மீட்டபோது, குயிலி உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெள்ளையரின் ஆயுதக் கிடங்குக்குள் பாய்ந்தாள் என்பது கதை. கேட்டதும் மயிர்க்கூச்செறியும். ஆனால் மருந்துக்குப் பக்கத்தில் போக ஒரு பெண்ணுக்கு நம் கதைகள் திறந்துவைத்த வழி அது ஒன்றுதானா என்றும் தோன்றும். திரும்பி வந்து, அடுத்த வேட்டுக்கு மருந்து அளக்கும் குயிலியை ஏன் நாம் கற்பனை செய்யவில்லை?

சுடுவதில் உள்ள இன்பம் ஆணுடையது என்று சொல்லும் தோழிகள் எனக்கு உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் சந்திரோ தோமரும் பிரகாஷி தோமரும் அறுபது வயதைக் கடந்த பிறகுதான் கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். முக்காட்டோடு போய்ப் பதக்கங்கள் வாங்கினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். மூச்சை நிறுத்தி, கண்ணையும் கையையும் ஒரு புள்ளியில் சேர்க்கும் அந்த நிமிடம் யாருக்கும் இன்பம்தான். காகிதத்தில் துளை விழுகிறவரை அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. எனக்கு மறுக்கப்பட்டதற்காக அதை இழிவு என்று நான் சொன்னால், கிட்டாத திராட்சையின் கதையாகிவிடும்.

*

காகிதத்தைத் தாண்டிப் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

ஔவையார், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன இடத்தில் பாடியதாகச் சொல்லப்படும் பாட்டு புறநானூற்றில் 95ஆவது. எங்கள் ஊர்த் தொண்டைமான்கள் பிற்கால மரபினர். ஆனாலும் அந்தப் பெயர் வந்ததும் புதுக்கோட்டை வகுப்பறை நிமிர்ந்து உட்காரும். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை சூடி, நெய் பூசி, காவல் உள்ள மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிப்பது என்று உரை சொல்வோம். எனக்கு இப்போதெல்லாம் அந்தப் பட்டறையே கண்ணில் நிற்கிறது. முறிந்த நுனியைக் கொல்லன் நிமிர்த்துவான், திரும்பவும் கூராக்குவான். மறுநிரப்பல் என்பது அதுதான். பழுது பார்க்கிற அவனுக்கு நிச்சயம் அதில் இன்பம் இருந்திருக்கும். முறிந்த அந்தத் துண்டு யார் உடம்பில் தங்கியது என்பது பட்டறைக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பட்டறையின் அமைதி.

அப்பா சுட்ட ரவை எங்கே போனது? பெரும்பகுதி எந்த விலங்கின் மேலும் படவில்லை. கொல்லையைத் தாண்டிக் கண்மாயில் விழுந்தது. ஈயம் மக்காது. நீர்ப்பறவைகள் இரை செரிப்பதற்காகச் சிறு கற்களை விழுங்கும். கல்லென்று எண்ணி ரவையையும் விழுங்கும். உள்ளே அது கரைந்து மெல்லக் கொல்லும். இந்தக் காரணத்துக்காகத்தான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரியிலிருந்து ஈர நிலங்களில் தடை செய்திருக்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். கருத்த உள்ளங்கையோடு நான் சோறு தின்ற ஞாயிற்றுக்கிழமைகளும், அதே அடுப்பில் அம்மா மறுநாள் சமைத்ததும் நினைவுக்கு வருகின்றன. எங்களுக்கு என்ன ஆனது என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் அந்த மீதிப் பத்தியில் பூஜ்யம் என்று எழுதியிருப்பது உண்மையில்லை.

2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலைக்குப் பக்கத்தில், பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். அங்கிருந்து வந்த குண்டு, சற்றுத் தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அந்தச் செய்தி வந்த வாரம் முழுவதும் எனக்கு அப்பாவின் ரவை நினைவாகவே இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆலையில் செய்த குண்டு வேறு, என் கையில் உருண்ட ரவை வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் சுடுகிறவரின் கணக்கு இலக்கோடு முடிந்துவிடுகிறது, குண்டின் பயணம் அதோடு முடிவதில்லை. அப்பாவின் ரவை யார் மேலும் படாதது எங்கள் நல்ல காலம். நல்ல காலத்தை நல்லொழுக்கம் என்று எழுதிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா வைத்திருந்ததைப் போன்ற துப்பாக்கி நரிக்குறவர்களிடமும் இருந்தது. அவர்களும் கையாலேயே மருந்து கெட்டித்தார்கள். ஆனால் சம்சாரி வீட்டுத் துப்பாக்கிக்கு இருந்த மரியாதை அவர்கள் துப்பாக்கிக்கு இல்லை. அவர்கள் கையில் அதைக் கண்டால் சந்தேகம்தான். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுயிர்களுக்கு அது தேவைதான். வேட்டையே பிழைப்பாக இருந்தவர்களுக்கு அதன் செலவு வேறு மாதிரி விழுந்தது. பேருந்து நிலையங்களில் பாசிமணி கோத்து விற்கும் பெண்களின் கைகள் அந்தச் செலவில் பெரும்பங்கைக் கட்டின. அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். ஒரே கருவி, ஒரே கைவேலை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுது, அவர்கள் வீட்டில் உலை. இன்பம் என்று பெயர் வைத்துக்கொள்ளவே கொஞ்சம் நிலம் வேண்டியிருந்திருக்கிறது.

*

அம்மாவுக்கு இன்பமே இருந்ததில்லை என்று முடித்தால் அதுவும் பொய்க் கணக்கு.

1992இல் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அப்பாவின் பார் வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சாயங்காலம் மைதானத்துக்குப் போனார். முட்டி சிராய்த்து வந்தார். மறுநாளும் போனார். “இந்த வயசுல இது என்ன கூத்து, யார் சோறு ஆக்குறது?” என்றார் அப்பத்தா. கற்றுக்கொண்ட பிறகு அம்மா கடைக்குப் போனார், ரேஷனுக்குப் போனார், அதெல்லாம் பயன். ஒருநாள் அந்தியில் கண்மாய்க் கரையின் சரிவில் மிதிக்காமலே இறங்கி வந்தார். கீழே வந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலேறி, இன்னொரு முறை இறங்கினார். எதற்கும் பயன்படாத அந்த இரண்டாவது முறையைப் பார்த்தபோதுதான் அம்மாவுக்கும் விளையாடத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த இன்பத்துக்கும் செலவு இருந்தது: இரண்டு சிராய்ப்பு, ஒரு மணி நேரம் தாமதமான இரவுச் சோறு. சிராய்ப்பு அவருடைய முட்டியில். தாமதமான சோற்றைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி, யாரும் சாகவில்லை. அப்பாவின் இன்பத்தில் நான் குறை காண்பது அது இன்பமாக இருந்ததற்காக அல்ல, துப்பாக்கியாக இருந்ததற்காக மட்டுமும் அல்ல. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யாரும் அந்த நோட்டைப் பார்க்கக்கூட முடியாமல் இருந்ததற்காக. அம்மா, கண்மாய்ப் பறவை, ஏன், ஒரு வகையில் நான். தன் இன்பத்தின் முழு விலையையும் ஒருவர் எழுதிப் பார்த்துவிட்டு, கொடுப்பவர்களிடம் காட்டிவிட்டு, அதற்குப் பிறகும் அது இன்பமாக நிற்குமானால் நிற்கட்டும். நிற்காத இன்பங்களும் உண்டு. எழுதிப் பார்க்காமல் இது எது என்று சொல்ல முடியாது.

துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்பப் போய் எடுத்து வருவார். இந்த முறை ரசீது மட்டும் இருக்கிறது. நோட்டை நான் வைத்துக்கொண்டேன். அதில் விட்டுப்போனதை எழுதலாம் என்று ஒருநாள் பேனாவோடு அம்மாவிடம் உட்கார்ந்தேன். தழும்பைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். “அந்தக் கரண்டிய எழுது” என்றார்.

“எந்தக் கரண்டி?”

“ஈயம் உருக்குனது. எங்க அம்மா சீரு குடுத்தது. அதுல தாளிச்சா அம்புட்டு நல்லாருக்கும். ஒங்கப்பா எடுத்த அன்னையோட அத நான் சோத்துக்குத் தொடல. ஒருத்தரும் கேக்கல.”

ஆறு பத்தியில் எதிலும் அது அடங்கவில்லை. ஓரத்தில் எழுதினேன்: இரும்புக் கரண்டி ஒன்று.